தேடுபவரின் கேள்வி ஏலத்துக்கு வரும்போது

சாலையோரத்தில் நிற்கும் விளம்பரப் பலகைக்குத் தன்னைக் கடந்து செல்பவர் யார் என்று தெரியாது. பட்டுப்புடவை விளம்பரத்தைப் பார்த்தபடி பேருந்தில் போகிறவர் துக்க வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். கைமாற்றுக் கேட்டுக் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருக்கலாம். தேடுபொறியின் நிலை அப்படிப்பட்டதன்று. அடகு வைத்த நகை ஏலத்துக்கு வரப்போவதாக நோட்டீஸ் வந்த இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, "நகை ஏலத்தை நிறுத்த உடனடிக் கடன்" என்று ஒருவர் கைப்பேசியில் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் மனைவியிடமும் அண்ணனிடமும் இன்னும் சொல்லாத செய்தியை அவர் அந்தத் தேடல் பெட்டியிடம் சொல்லிவிட்டார். அடுத்த நொடிக்குள் அவருடைய அந்த ஒரு வரியின் மீது வேறோர் ஏலம் நடந்து முடிகிறது. அதில் வென்ற கடன் நிறுவனத்தின் விளம்பரம் அவருடைய திரையின் உச்சியில் வந்து நிற்கிறது.

இந்த இரண்டாவது ஏலத்தைப் பற்றியதே இக்கட்டுரை. தேடுபொறி விளம்பரம் எவ்வாறு இயங்குகிறது, அதில் 'அறிவு' என்று சொல்லப்படுவது எது, அந்த அறிவு எந்த இடத்தில் அறத்தின் எல்லையைத் தொடுகிறது என்பவற்றை, இத்துறைக்குப் புதியவர்களுக்கு விளங்கும்படி சொல்ல முயல்கிறேன். தரவு எவ்வளவு திரட்டப்படுகிறது என்பதைச் சுற்றியே இணைய விளம்பரம் பற்றிய பேச்சு பெரும்பாலும் அமைகிறது. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன்: கேட்பவர் எந்த நிலையில் இருந்துகொண்டு கேட்கிறார் என்பது தெரிந்த பிறகு, அந்த அறிவை விற்பனைக்குப் பயன்படுத்தலாமா?

ஏலம் நடக்கும் விதம்

தேடல் சொற்களை ஏலம் விடும் முறையைத் தொழிலாக நிலைநிறுத்தியது 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் நடத்திய கோட்டூ.காம் என்னும் தேடுபொறி. ஒரு சொல்லுக்கு அதிகப் பணம் தருபவரின் பக்கம் முதலில் வரும்; பயனர் அதை அழுத்தினால் மட்டுமே கட்டணம். அதே 1998-இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் தங்கள் தேடுபொறியை விவரித்து எழுதிய ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பில், விளம்பர வருவாயில் நடக்கும் தேடுபொறிகள் இயல்பாகவே விளம்பரதாரரின் பக்கம் சாய்ந்து பயனரின் தேவையிலிருந்து விலகும் என்று எச்சரித்திருந்தார்கள். அவர்கள் நிறுவிய கூகுள் 2000 அக்டோபரில் ஏறத்தாழ 350 விளம்பரதாரர்களுடன் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. பின்னாளில் அதுவே அந்நிறுவனத்தின் வருவாய்க்கு முதுகெலும்பாயிற்று. 1998-இல் அவர்கள் எழுதியது தவறென்று நான் நினைக்கவில்லை. அந்த எச்சரிக்கையை அளவுகோலாக வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்வது எளிதாகிறது.

இன்றைய ஏலத்தில் பணம் மட்டும் வெல்வதில்லை. ஒரு கணக்கின் வழியே இதைப் பார்க்கலாம். முதல் கடன் நிறுவனம் ஓர் அழுத்தலுக்கு 60 ரூபாய் வரை தரத் தயாராக இருக்கிறது. அதன் விளம்பரத்துக்குத் தேடுபொறி கொடுத்திருக்கும் தர மதிப்பு 4. இரண்டாவது நிறுவனம் 40 ரூபாய் வரை தரும். அதன் தர மதிப்பு 8. இரண்டையும் பெருக்கினால் முதலாவதற்கு 240, இரண்டாவதற்கு 320. ஆகவே குறைவாகக் கேட்ட இரண்டாவது நிறுவனமே மேலே வருகிறது. அது 40 ரூபாய் முழுவதையும் கட்ட வேண்டியதில்லை. தனக்கு அடுத்து நிற்பவரின் 240-ஐத் தாண்டுவதற்குப் போதுமான தொகை, அதாவது 30 ரூபாய்க்குச் சற்று மேல், கட்டினால் போதும். உண்மையான கணக்கில் இன்னும் பல காரணிகள் சேர்ந்தாலும் அடிப்படை இதுதான்.

அந்தத் தர மதிப்பில் பெரும்பங்கு வகிப்பது, இந்தப் பயனர் இந்த விளம்பரத்தை அழுத்துவாரா என்னும் கணிப்பு. பயனருக்குப் பொருந்தாத விளம்பரங்களைக் கீழே தள்ளுவதால் இதில் நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் அழுத்துவதும் பயனடைவதும் ஒன்றல்ல. மூழ்குபவர் வைக்கோலையும் பற்றுவார். நெருக்கடியில் இருப்பவர் கண்ணில் பட்ட முதல் விளம்பரத்தை அழுத்துவார். அதைப் பொருத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் எந்திரம், நெருக்கடியையே நல்ல சந்தையாகக் கற்றுக்கொள்கிறது.

'அறிவார்ந்த தேடல்' என்பது இதற்கு மேல் வந்து அமர்ந்த அடுக்கு. முன்பு விளம்பரதாரர் சொற்களைத் தேர்ந்தெடுத்தார். அச்சொற்களைத் தட்டச்சு செய்தவருக்கு விளம்பரம் தெரிந்தது. 2015-இல் ரேங்க்பிரெய்ன், 2019-இல் பெர்ட் ஆகிய எந்திரக் கற்றல் முறைகளைத் தன் தேடலில் இணைத்திருப்பதாகக் கூகுள் அறிவித்தது. சொல்லைத் தாண்டி, கேட்பவர் என்ன கருதிக் கேட்கிறார் என்பதை ஊகிப்பதே அவற்றின் வேலை. விளம்பரத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. விளம்பரதாரர் கொடுக்காத சொற்களுக்கும், பொருள் ஒத்துவந்தால் விளம்பரம் தோன்றுகிறது. ஏலத்தொகையைக்கூட மனிதர் தீர்மானிக்காமல், இருக்கும் இடம், நேரம், கருவி, முந்தைய வருகைகள் முதலியவற்றைப் பார்த்து எந்திரம் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறது. அதாவது, எந்தச் சொல்லுக்கு எதிரில் தம் பெயர் தோன்றியது என்பதை விளம்பரம் தந்தவரே பிறகு அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். பொறுப்பு எங்கே போய் நிற்கிறது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் கடினமாகிறது.

விடைக்கும் விளம்பரத்துக்கும் இடையிலுள்ள கோடு

செய்தித்தாள் படிப்பவர் விளம்பரத்தைப் பார்த்தவுடன் விளம்பரம் என்று அறிந்துகொள்கிறார். தேடல் பக்கத்தில் விளம்பரமும் விடையும் ஒரே எழுத்துருவில், ஒரே வடிவத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பணம் பெற்று இடம்பெறச் செய்தவற்றைத் தெளிவாக அடையாளம் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2002-லேயே தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. 2013-இல் மீண்டும் எழுதியபோது, விளம்பரத்தை வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் வரவர மங்கி வருவதைச் சுட்டிக்காட்டியது. கூகுளின் பக்கத்தையே எடுத்துக்கொண்டால், ஒருகாலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் வண்ணப் பின்புலம் இருந்தது. பின்பு அது நீங்கி மஞ்சள் நிறச் சிறு முத்திரை வந்தது. 2016-இல் அது பச்சையாயிற்று. 2020 ஜனவரியில் கணினித் திரையில் வெறும் கறுப்பு எழுத்தாகி, விடைகளுக்குப் பக்கத்தில் தளங்களின் சிறு சின்னங்களும் சேர்ந்துகொள்ளவே, இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்று பரவலாகக் கண்டனம் எழுந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வடிவமைப்புக் காரணம் ஒன்று சொல்லப்படலாம். ஆனால் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே திசையில் நகர்ந்ததைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் அறிவித்த வழிகாட்டுதல்கள், பயனரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. செய்தியைப் போலவோ பயனர் எழுதிய கருத்தைப் போலவோ வேடமிட்டு வரும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று. ஆங்கில முத்திரையை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவர் தமிழில் தேடும்போது, திரையின் மூலையில் உள்ள சிறிய எழுத்து அவருக்கு எதையும் அறிவிப்பதில்லை. அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது யாருக்கு விளங்குகிறது என்றும் பார்க்க வேண்டும்.

கேட்பவரின் பலவீனம்

மருந்து, கடன், போதை மறுவாழ்வு ஆகிய மூன்று துறைகளில் நடந்தவை இந்தச் சிக்கலை நன்றாகக் காட்டுகின்றன. கனடாவிலிருந்து இயங்கிய இணைய மருந்தகங்கள், அமெரிக்கச் சட்டத்துக்கு மாறாக அங்குள்ளவர்களுக்கு மருந்து விற்பதற்கு விளம்பரம் செய்ய இடமளித்ததற்காக, 2011-இல் கூகுள் அமெரிக்க நீதித்துறையுடன் உடன்பாடு செய்துகொண்டு 50 கோடி டாலரைக் கட்டியது. 60 நாள்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டிய குறுகிய காலக் கடன்களுக்கும், அமெரிக்காவில் ஆண்டு வட்டி 36 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள கடன்களுக்கும் விளம்பரம் ஏற்பதில்லை என்று அந்நிறுவனம் 2016-இல் தானே முடிவெடுத்தது. 2017 செப்டம்பரில், போதையிலிருந்து மீள உதவி தேடும் சொற்களுக்கு விளம்பரம் காட்டுவதை அமெரிக்காவில் கட்டுப்படுத்தியது. மகனைக் காப்பாற்ற வழிதேடும் பெற்றோரின் தேடலை விலைக்கு வாங்கி, அவர்களைத் தரமற்ற இல்லங்களுக்குத் திருப்பிவிடும் இடைத்தரகர்கள் அந்தச் சொற்களைச் சூழ்ந்திருந்தார்கள். கடைசி இரண்டு முடிவுகளையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் அவை வருவதற்கு முன்பு அந்தச் சொற்கள் ஏலம் விடப்பட்டுக்கொண்டே இருந்தன என்பதையும், அதில் ஒவ்வோர் அழுத்தலும் வருவாயாகப் பதிவானது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒருவருடைய நோய், பணநெருக்கடி போன்றவற்றைக் கொண்டு அவரைக் குறிவைத்துப் பின்தொடரும் விளம்பரங்களைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. ஆனால் அதே மனிதர் அதே நோயின் பெயரைத் தானே தட்டச்சு செய்தால், அது அவரைப் பற்றிய தரவாகக் கருதப்படுவதில்லை. அந்தத் தேடலுக்குரிய சூழலாகவே கருதப்படுகிறது. அந்தச் சொல்லுக்கு, உரிய அனுமதிகளுக்கு உட்பட்டு, விளம்பரம் காட்டலாம். விதியின் மொழியில் இவ்விரண்டும் வேறு வேறாக இருக்கலாம். நகை ஏலத்துக்கு அஞ்சி இரவில் தேடும் மனிதருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன் என்பது எனக்கு விளங்கவில்லை.

விளம்பரத்தை எங்கே நிறுத்துவது என்பதில் இந்தியா சந்தித்த மிகக் கூர்மையான வழக்கு, கருவின் பாலினத்தைக் கண்டறிவது தொடர்பானது. பெண் சிசுக்கொலையின் பெயரால் உசிலம்பட்டி வட்டாரம் பேசப்பட்ட காலத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழ் வாசகர்களுக்கு இதன் கனம் தெரியும். பிறப்பதற்கு முன் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, கருவின் பாலினத்தைக் கண்டறிவதற்கான வசதியை விளம்பரப்படுத்துவதைத் தடைசெய்கிறது. பின்னர் செய்யப்பட்ட திருத்தம் இணையத்தையும் அதில் சேர்த்தது. இருந்தும் தேடுபொறிகளில் அத்தகைய விளம்பரங்கள் வருகின்றன என்று கூறி, சமூகச் செயற்பாட்டாளர் சாபு ஜார்ஜ் 2008-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஆண்டுக்கணக்கில் நீடித்த வழக்கில், 2016 செப்டம்பரில் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ ஆகிய மூன்று நிறுவனங்களும் பாலினத் தேர்வு தொடர்பான சுமார் 40 சொற்களுக்கு விளம்பரம் வராதபடி தாமாகவே தடுப்பதற்கு ஒப்புக்கொண்டன. அவ்வாண்டு நவம்பரில், புகார்களைப் பெறுவதற்கு ஒரு மைய அமைப்பை ஏற்படுத்தும்படியும், அது தெரிவிக்கும் விளம்பரங்களை நிறுவனங்கள் 36 மணி நேரத்துக்குள் நீக்கும்படியும் நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது, அது எழுப்பிய எல்லைப் பிரச்சினை. பாலினத் தேர்வைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவியும் செய்தியாளரும் சட்டம் பயில்பவரும் அதே சொற்களைத்தான் தேடுவார்கள். சொல்லையே அடைத்துவிட்டால் அவர்களுடைய அறிவுக்கான வழியும் அடைபடும். ஆகவே தகவலைத் திறந்து வைத்துக்கொண்டு விற்பனையை மட்டும் மூட வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு எதிரில் ஏலமே நடக்கக் கூடாது என்று சொல்வது, அந்தச் சொல்லைத் தணிக்கை செய்வதாகாது. கேட்பவருக்கு விடை கிடைக்கட்டும், விற்பவருக்கு அங்கே இடமில்லை என்னும் இந்த ஏற்பாடு, மற்ற பல துறைகளுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

பிறர் பெயரை வாங்குதல்

ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடுபவருக்கு அதன் போட்டியாளரின் விளம்பரத்தைக் காட்டலாமா என்பது இதைவிடச் சிறிய, ஆனால் சிறு வணிகர்களை அன்றாடம் பாதிக்கும் கேள்வி. திருமணத் தகவல் தளங்களை நடத்தும் சென்னை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010-இல் இதை ஆராய்ந்தபோது, அந்த வணிகப் பெயர்கள் 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்ற பொதுச்சொற்களால் ஆனவை என்பதை முக்கியமாகக் கருத்தில் கொண்டது. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருநீதிபதி அமர்வு மேலும் தெளிவாகப் பேசியது: பிறருடைய வணிகக்குறியை ஏலச் சொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே உரிமை மீறலாகிவிடாது, ஆனால் அது குழப்பத்தை உண்டாக்கினால் மீறல்தான், சொற்களை விற்று வருவாய் ஈட்டும் தேடுபொறி, வெறுமனே செய்தி கடத்தும் இடைநிலையாளர் என்று சொல்லி விலகிக்கொள்ள முடியாது. ஏலம் நடத்துபவருக்கும் ஏலத்தின் விளைவில் பங்கு உண்டு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது இதன் பயன்.

எந்திரம் கற்றுக்கொள்ளும் பாகுபாடு

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லடான்யா ஸ்வீனி 2013-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் படிக்க வருபவர்கள் முதலில் அறிய வேண்டியவற்றுள் ஒன்று. அவர் 2,000-க்கும் மேற்பட்ட மனிதப் பெயர்களைத் தேடிப் பார்த்தார். கறுப்பின மக்களிடையே வழங்கும் பெயர்களைத் தேடியபோது, அந்தப் பெயருடையவர் கைது செய்யப்பட்டவரா என்று கேட்கும் தொனியிலான விளம்பரங்கள், வெள்ளையர்களிடையே வழங்கும் பெயர்களுக்கு வந்ததைவிடக் கூடுதலாக வந்தன. வேலைக்கு விண்ணப்பித்த ஒருவரின் பெயரை மேலாளர் தேடிப்பார்க்கும் தருணத்தில் இப்படியொரு வரி பக்கத்தில் நின்றால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதைச் செய்தவர் யார்? விளம்பரதாரர் வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கலாம். அல்லது எல்லாப் பெயர்களுக்கும் ஒரே வரிகளை அவர் கொடுத்திருக்க, மக்கள் எதை அதிகம் அழுத்தினார்களோ அதை எந்திரம் மேலே கொண்டுவந்திருக்கலாம். இரண்டாவது காரணம் உண்மையானால், தீய எண்ணம் கொண்ட ஒருவர்கூட இல்லாமல் தீங்கு நடந்திருக்கிறது. சமூகத்தில் இருந்த முன்முடிவை அழுத்தல்களின் வழியே கற்று, அதையே பெருக்கித் திருப்பித் தந்திருக்கிறது எந்திரம். நம் ஊர்களில் பெயரும் ஊரும் தெருவும் சாதியையும் மதத்தையும் காட்டிக்கொடுக்கும். வீட்டுக் கடன், வாடகை வீடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கான விளம்பரங்களில் அஞ்சல் குறியீட்டு எண்ணைச் சேர்ப்பதும் நீக்குவதும் ஒரு நிமிட வேலை. சாதி என்ற சொல் எங்கும் எழுதப்படாமலே சாதி பார்க்க முடியும் என்பதை, விளம்பரம் அமைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தேடல் வரிகள் எவ்வளவு எளிதில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கும் ஒரு பழைய சான்று உண்டு. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்னும் அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. பெயர்களை நீக்கி, எண்களை மட்டும் இட்டிருந்தது. அந்தத் தேடல்களை அடுத்தடுத்துப் படித்தே, ஓர் எண்ணுக்குரிய பெண்ணின் வீட்டைச் சில நாள்களில் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்கிறது. பெரியவர்களுக்கு அச்சட்டம் தருவது முக்கியமாக ஒப்புதல் என்னும் காவல்தான். அவசரத்தில் 'ஏற்கிறேன்' என்று அழுத்துபவரை அந்தக் காவல் எவ்வளவு தூரம் காக்கும் என்பது நடைமுறையில்தான் தெரியவரும்.

ஒரே விடை என்னும் நிலை

2024 மே மாதம் கூகுள் அமெரிக்காவில் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடையைப் பரவலாகக் காட்டத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் அந்தச் சுருக்கங்களோடு விளம்பரங்களும் வரத் தொடங்கின. பத்து இணைப்புகள் இருந்த பக்கத்தில், ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பாவது பயனருக்கு இருந்தது. ஒரே நடையில், ஒரே குரலில், ஆலோசனை சொல்வதுபோல எழுதப்பட்ட விடைக்குள் எந்த வாக்கியம் பணத்தால் வந்தது என்று காட்டுவது, வண்ணப் பின்புலத்தால் தீரும் வேலையன்று. குரல்வழி உதவியாளர்களைப் பற்றி அமெரிக்க ஆணையத்தின் 2013 கடிதம் சொன்னது இங்கே பயன்படும்: விளம்பரம் காதால் கேட்கப்படுமானால், அது விளம்பரம் என்ற அறிவிப்பும் காதால் கேட்கப்பட வேண்டும். அவ்வாறே, விடை உரையாடலாக வருமானால் அறிவிப்பும் உரையாடலின் சொற்களிலேயே வர வேண்டும்.

இவ்வளவும் பெரிய நிறுவனங்களும் நீதிமன்றங்களும் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்று தோன்றலாம். ஆனால் மாவட்டத் தலைநகரில் கருத்தரிப்பு மையம் நடத்தும் மருத்துவரோ, அவருக்காக விளம்பரக் கணக்கைக் கவனிக்கும் இளைஞரோ கையாளக்கூடிய கருவி ஒன்று அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. எந்தச் சொற்களைத் தேடுபவருக்குத் தம் விளம்பரம் வரக் கூடாது என்று குறிப்பிடும் விலக்குச் சொற்பட்டியல் அது. வீண் செலவைத் தவிர்க்கவே பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். 'இலவசம்', 'வேலைவாய்ப்பு' என்னும் சொற்களோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. 'கருச்சிதைவுக்குப் பின்', 'குழந்தை இறந்து பிறந்தது', 'ஆண் குழந்தை பிறக்க' என்பவற்றையும் அதில் சேர்க்கலாம். இவற்றுள் முதல் இரண்டும் துக்கத்தில் இருப்பவரின் தேடல்கள். மூன்றாவதன் பின்னால் சட்டம் விலக்கிய ஓர் எண்ணம் ஒளிந்திருக்கலாம். விளம்பரம் எந்தச் சொற்களுக்குத் தோன்றியது என்று காட்டும் அறிக்கையை மாதம் ஒருமுறை திறந்து, எந்த மனிதர் எந்த நிலையில் அந்த வரியை எழுதியிருப்பார் என்று எண்ணிப் பார்த்து, பட்டியலில் அடுத்த சொல்லைச் சேர்ப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.